வீட்டு விசேஷத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்

(நெய்வேலி நகரியத்தில் நடந்த குடும்பச் சந்திப்பு நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அல்லாஹ்வின் பேரருளால் இன்று குடும்பத்தோடு கூடியிருக்கிறோம். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்திருக்கும் சகோதரர்களுக்கு முதலில் என் நன்றி. உங்களுக்காகவே பேச்சைச் சுருக்கமாக முடிப்பதாக நிர்வாகிகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது பெரிய மார்க்கச் சட்ட விளக்கம் எதுவும் இல்லை. அதற்கு நம் ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது நம் வீட்டு விசேஷங்களைப் பற்றி. பிள்ளைக்குப் பெயர் வைப்பது, சுன்னத் செய்வது, குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையைப் பாராட்டுவது, பத்தாம் வகுப்பில் தேறிய மகளுக்கு இனிப்புக் கொடுப்பது, வேலையிலிருந்து ஓய்வு பெறும் அத்தாவை வீட்டுக்கு அழைத்து வருவது. இவையெல்லாம் சின்னச் சின்ன மகிழ்ச்சிகள். ஒரு வீடு வீடாக இருப்பதே இவற்றால்தான். ஆனால் அறக்கட்டளை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கிற எனக்கு, இந்தச் சின்ன மகிழ்ச்சிகள் பல வீடுகளில் பெரிய கடனாக மாறிப்போவது தெரிகிறது. அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வெளிப்பட்டது. அதிலிருந்து தொடங்கியதுதான் நெய்வேலியின் கதை. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே மின்சாரம் ஓடத் தொடங்கியது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு எழுந்து போன கிராமத்தார் ஒரு பக்கம், வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பக்கம். இப்படிச் சேர்ந்ததுதான் இந்த நகரியம்.

அந்தக் காலத்தில் வந்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. ஒரு தந்தியோ கடிதமோ ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்கு நாற்பது நாள் ஆகிவிடும். ஆகவே குவார்ட்டர்ஸில் ஒரு பிள்ளை பிறந்தால் அடுத்த வீட்டு அம்மாதான் நன்னிமா. எதிர் வீட்டுக்காரர்தான் மாமா. விசேஷம் என்றால் வாசலில் இரண்டு பாய், கடன் வாங்கிய நான்கு பாத்திரம், தோட்டத்து மரத்தில் காய்த்த தேங்காய், ஆளுக்கு ஒரு வேலை. பக்கத்து வீட்டு இந்துச் சகோதரி வெங்காயம் நறுக்குவார், கிறிஸ்தவச் சகோதரி பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அன்று விசேஷம் என்பது அக்கம்பக்கத்தார் கைகள் சேர்ந்து செய்த வேலை.

இன்று எப்படி இருக்கிறது? பெயர் வைப்பதற்கு மண்டபம். வாசலில் பிளெக்ஸ் பேனர். மேடையில் பலூன் வளைவு. குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு. போட்டோ, வீடியோ, ஆல்பம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஆளுக்கொரு பை. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னச் செலவுதான். மொத்தமாகக் கூட்டும்போதுதான் தலை சுற்றுகிறது.

வசதி உள்ளவர் தம் சொந்தப் பணத்தில் செய்வதை நான் தடுக்க முடியாது. அவருக்கும் வீண்விரயம் பற்றிய எச்சரிக்கை மார்க்கத்தில் இருக்கிறது, அதை அவரே அறிவார். நான் கவலைப்படுவது ஒப்பந்தத் தொழிலாளி வீட்டைப் பற்றி, பஜாரில் கடைச் சிப்பந்தியாக இருப்பவர் வீட்டைப் பற்றி, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருப்பவரைப் பற்றி. பக்கத்து வீட்டில் மண்டபம் பிடித்தார்கள் என்பதற்காக இவரும் பிடிக்கிறார். பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளும் மனதில் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய், மூன்று ரூபாய் வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 1,500 ரூபாய் வட்டி. ஓராண்டுக்கு 18,000 ரூபாய். இத்தனையும் கட்டிய பிறகும் அந்த 50,000 அப்படியே நிற்கிறது. மூன்று மணி நேரத்தில் முடிந்துபோன ஒரு விசேஷத்துக்காக ஒரு வீடு ஆண்டு முழுவதும் உழைக்கிறது. வட்டி ஹராம் என்பது இங்கே உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைக்கு நல்ல பெயர் சூட்டி, அதற்குப் பரக்கத் வேண்டி துஆச் செய்கிற நாளையே வட்டிப் பணத்தில் நடத்துகிறோம் என்றால், அது எப்படிப் பொருந்தும்?

வட்டிக்காரரிடம் போகாதவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள். அல்லது மகளிர் குழுக் கடன் வாங்கி வாராவாரம் தவணை கட்டுகிறார்கள். நகை மூழ்கும் தேதி வரும்போதும், தவணை நாள் வரும்போதும் வீட்டில் சத்தம் எழுகிறது. கணவன் மனைவியைச் சொல்கிறார், மனைவி மாமியாரைச் சொல்கிறார். மகிழ்ச்சிக்காக வாங்கிய கடன் அந்த மகிழ்ச்சியையே தின்றுவிடுகிறது.

பிறகு ஜூன் மாதம் வருகிறது. பள்ளி திறக்கிறது, பாலிடெக்னிக் சேர்க்கை வருகிறது. அப்போது இதே குடும்பங்கள் கல்வி உதவி கேட்டு நம்மிடம் வருகின்றன. கொடுக்கக் கூடாது என்று சொல்ல மனம் வராது. பிள்ளை என்ன பாவம் செய்தது? ஆனால் நம் நிதி ஒரு சட்டிச் சோறுதான். ஒருவருக்கு ஒரு கரண்டி கூடினால் இன்னொருவருக்கு ஒரு கரண்டி குறையும். தகப்பன் இல்லாத பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கிறது. விசேஷத்தில் பறந்துபோன பணம் கடைசியில் அந்த அநாதைப் பிள்ளையின் பங்கிலும் கை வைக்கிறது. இதைத்தான் நான் உங்கள் மனதில் இறக்கிவைக்க விரும்புகிறேன்.

சிலர் நியாயமாக ஒன்று கேட்பார்கள். “நாங்கள் எல்லார் வீட்டுக்கும் போய் மொய் எழுதியிருக்கிறோம். ஒரு விசேஷம் வைத்தால்தானே அது திரும்பி வரும்?” இதையும் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு சாப்பாடு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் வந்து சாப்பிட்டால் 800 ரூபாய். அவர்கள் எழுதுகிற மொய் 500. மண்டப வாடகை, பேனர், பலூன் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. வருகிற 500ஐயும் ஒரு நாள் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே மொய் நோட்டு வரவு நோட்டு மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருப்பது கடன் கணக்குதான். யாராவது ஒருவர் அதை நிறுத்தினால்தான் அந்தச் சங்கிலி அறும். நீங்கள் நிறுத்துங்கள், உங்களுக்கு அடுத்தவர் மனதுக்குள் நன்றி சொல்வார்.

மார்க்கம் நம்மிடம் கேட்பது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். வசதி உள்ளவர் பிள்ளைக்கு அகீகா கொடுக்கிறார். வசதி இல்லாதவர் மேல் குற்றமில்லை. நிக்காஹுக்கு மஹர் உண்டு, வலீமா உண்டு. வலீமா எப்படி இருக்க வேண்டும்? கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மணமுடித்தபோது கொடுத்த விருந்தை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு தோல் விரிப்பு விரிக்கப்பட்டது. தோழர்கள் தத்தம்மிடம் இருந்ததைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒருவர் பேரீச்சம்பழம், ஒருவர் நெய், ஒருவர் பாலாடைக்கட்டி. எல்லாவற்றையும் பிசைந்து ஹைஸ் என்ற உணவு செய்தார்கள். அந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. நம் நகரியத்து மூத்தவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பாய் விரித்து, ஆளுக்கொன்று கொண்டுவந்து செய்தது இதே வழிதான்.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்று கேட்டால் அதை ஆலிம்களிடம் கேளுங்கள். செயலாளராக எனக்கு ஒரே கேள்விதான். எந்த விசேஷமானாலும், அதைக் கடனில்லாமல் செய்கிறோமா?

இனி, மண்டபம் வேண்டாம், பேனர் வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? பிள்ளைகள் இப்போதே என்னை முறைக்கிறார்கள். வெறும் கஞ்சத்தனமாக நடத்தினால் அதுவும் விசேஷம் ஆகாது. பணத்தை எடுத்த இடத்தில் நம் கையை வைக்க வேண்டும். கைவேலையை வைக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்று ஒரு ஊர். அங்கே நம் சமுதாயத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே கோரைப்பாய் நெய்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து, ஒவ்வொரு கோரையையும் நூல் மாதிரி மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. உயர்ந்த ரகப் பாயைத் துணி போல மடித்து வைக்கலாம். பட்டுப்பாய் என்றே பெயர். அப்படி ஒரு பாயை நெய்து முடிக்க ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். 1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போயிருக்கிறது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது அரசிக்குப் போன பாய் அல்ல. கல்யாணப் பாய்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், கல்யாணத் தேதி மூன்றையும் பாயிலேயே நெய்து கொடுக்கிறார்கள். பிளெக்ஸ் பேனரிலும் அதே பெயர்தான் இருக்கிறது, அதே தேதிதான் இருக்கிறது. மறுநாள் அந்தப் பேனர் எங்கே போகிறது? மாட்டுக் கொட்டகைக்கு மறைப்பாகப் போகிறது, அல்லது சாக்கடையில் கிடக்கிறது. பாய் பேரன் காலம் வரைக்கும் பரணில் இருக்கிறது. எடுத்து விரித்தால், “இது உங்க நன்னிமா கல்யாணத்துப் பாய்” என்று சொல்லலாம்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நைலான் பாயும் பிளாஸ்டிக் பாயும் வந்த பிறகு இந்தக் கைவேலைக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. மண்டபத்துக்கு ஆயிரக்கணக்கில் பேரம் பேசாமல் கொடுக்கிற நாம், ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பொருளுக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். நம் ஊரிலும் வீட்டிலிருந்தே தையல் தைக்கிறவர்கள், ஆரி வேலை செய்கிறவர்கள், மசாலாப் பொடி அரைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் விதவைகள் உண்டு. விசேஷத்துக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் அவர்களிடம் வாங்குங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, அதில் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். உழைக்கிற கைக்கு நம் மார்க்கத்தில் அவ்வளவு மதிப்பு.

கைவேலை என்றால் பெண்கள் வேலை என்று ஆண்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, தம் துணியைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், வீட்டு வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். இந்த ஊரில் வெல்டிங் தெரிந்தவர்கள், எலக்ட்ரிக்கல் தெரிந்தவர்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர்! பிள்ளை குர்ஆன் ஓதி முடித்ததற்கு அத்தா தம் கையால் ஒரு ரேஹால் பலகை செய்து கொடுத்தால், அதைவிட என்ன பரிசு வேண்டும்? அந்தப் பலகையில் வைத்து ஓதும்போதெல்லாம் அத்தாவுக்கும் நன்மை வந்துகொண்டே இருக்கும்.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்று ஒரு அம்மையார் இருந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். சின்ன வயதிலேயே மணமாகி, சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். வீட்டுக்குள் இருந்தபடியே படித்தார், எழுதினார். 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவல் அவர் பெயரில் வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நாவல் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். நன்னிமாவிடம் உட்கார்ந்து, அவர்கள் பிறந்த ஊர் எது, இந்த ஊருக்கு எந்த ஆண்டு வந்தார்கள், முதல் குவார்ட்டர்ஸ் எந்த வட்டத்தில் கிடைத்தது, பெருநாளைக்கு என்ன சமைப்பார்கள், அதன் பக்குவம் என்ன என்று கேட்டு எழுதுங்கள். புத்தகக் கண்காட்சியைக் கொண்டாடுகிற ஊர் இது. நம் வீட்டுக்கென்று ஒரு புத்தகம் இருக்கட்டுமே!

இதை ஏன் நெய்வேலியில் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? நமக்கு இந்த வீடு சொந்தமில்லை. அறுபது வயதில் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நாம் வைத்த மாமரம், பலாமரம், முருங்கை எல்லாம் அடுத்து வருகிறவருக்கு. பிள்ளைகள் ஓடி விளையாடிய வாசலும் அவருக்கு. பலருக்குப் பூர்வீக ஊரில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்த வாழ்க்கையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போக என்ன இருக்கிறது? கட்டில், பீரோ, பிரிட்ஜ். இவை எந்த வீட்டிலும் உண்டு. நம் குடும்பம் இங்கே வாழ்ந்தது என்று சொல்கிற பொருள், நாம் நம் கையால் செய்ததாகத்தான் இருக்கும். அம்மாவின் பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு, பிள்ளை பெயரைப் பூவேலையில் எழுதிய துணி, நன்னிமா சொல்ல எழுதிய நோட்டு. இவற்றுக்கு வயதாக ஆக மதிப்பு கூடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கையால் செய்வதும் போட்டியாகிவிடக் கூடாது. “அவர்கள் வீட்டில் இருபது வகை செய்தார்கள், நாம் முப்பது செய்வோம்” என்று தொடங்கினால், பணத்துக்குப் பதிலாகப் பெண்களின் முதுகு ஒடியும். செய்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதற்காகச் செய்வதும் பேனர் கட்டுவதற்குச் சமம்தான். கொஞ்சமாகச் செய்யுங்கள், வீட்டில் உள்ள எல்லாரும் கை போட்டுச் செய்யுங்கள்.

ஆகவே அடுத்த விசேஷத்துக்கு முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இதற்குக் கையில் உள்ள பணம் போதுமா? இரண்டு, இந்தப் பணத்தால் ஜூன் மாதப் பள்ளிச் செலவு பாதிக்குமா? மூன்று, அத்தா ஷிப்டில் இல்லாத நேரமா, அவரும் கூட இருப்பாரா? நான்கு, நாம் அழைப்பவர்களில் பதிலுக்கு அழைக்க வசதியில்லாத ஒரு வீடாவது இருக்கிறதா? வசதியுள்ளவர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தை நாயகம் (ஸல்) அவர்கள் மிக மோசமான உணவு என்று கண்டித்திருக்கிறார்கள். நான்காவது கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், பட்டியலில் ஒரு பெயரைச் சேருங்கள்.

அறக்கட்டளையின் சார்பில் நாங்கள் செய்யப்போவதையும் சொல்கிறேன். தேக்சா, தாம்பாளம், ஜமக்காளம், தண்ணீர் டிரம் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்து, வீட்டில் விசேஷம் செய்கிற எல்லாருக்கும் வாடகையில்லாமல் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். எந்த மதத்தவர் கேட்டாலும் கொடுப்போம். கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும். விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தையல், பூவேலை, சின்ன மர வேலை கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள். வட்டியில்லா அழகிய கடன் நிதியில் மருத்துவத்துக்கும் கல்விக்கும்தான் முதலிடம். விசேஷத்துக்குக் கடன் கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். பாத்திரம் கொடுப்போம், சமைக்க நாலு பேரைக் கூட அனுப்புவோம், பணம் மட்டும் கொடுக்க மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்வி உதவி விண்ணப்பங்களை மே மாத முடிவுக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மஃரிபுக்குப் பிறகு யாராவது இருப்போம்.

அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் முகத்தில் சிரிப்பையும், நம் உள்ளங்களில் போதுமென்ற மனத்தையும் தந்தருள்வானாக. கடனிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.